643 பேர்: விருதுநகர் 1967 தேர்தலும் ஒரு வேட்பாளரின் நிலைப்பாடுகளும்



கொஞ்சம் நீண்ட பதிவு. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க.

1967 சட்டமன்றத் தேர்தல், விருதுநகர் தொகுதி.
தி.மு.க.வின் பெ.சீனிவாசன் 33,421 வாக்குகள்.
காங்கிரசின் கு.காமராஜர் 32,136 வாக்குகள்.
வித்தியாசம் 1,285.

அதாவது 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் வரலாறே வேற.

"பெத்த ஊரே தோற்கடிச்சிருச்சு, நன்றி கெட்ட ஜனங்க" என்ற பேச்சை எங்க பக்கம் டீக்கடையில இன்னைக்கும் கேட்கலாம்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் கிடையாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனால் இறப்புக்கான காரணத்தை எழுதித் தருவது எங்கள் வேலையில் ஒன்று. அதில் "மூச்சு நின்றது" என்று எழுதினால் செல்லாது. சாகும்போது எல்லாருக்கும்தான் மூச்சு நிற்கும். அது ஏன் நின்றது என்று எழுத வேண்டும்.

"நன்றி மறந்தாங்க" என்பதும் "மூச்சு நின்றது" மாதிரியான காரணம்தான்.

சரி, உண்மையான காரணத்தைப் பார்ப்போம்.

அன்று காமராஜர் வெறும் உள்ளூர் வேட்பாளர் இல்லை. 1954 முதல் 1963 வரை முதல்வர். 1964 முதல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சாஸ்திரி, அடுத்து இந்திரா காந்தி என இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்ததில் முன்னின்றவர். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அந்த முறை சேர்த்துத்தான் தேர்தல். ஆகவே விருதுநகர்க்காரர் சீட்டைக் கையில் வாங்கும்போது, டெல்லி விவகாரம் மொத்தமும் அந்தச் சீட்டில் இருந்தது.

நான்கு தேசியப் பிரச்சினைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் காமராஜர் எங்கே நின்றார், அது மக்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

1) மொழி

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பது அரசியல் சட்டம் வைத்த கெடு. 1963 ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலமும் "தொடரலாம்" என்றது. "தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே" என்பது அண்ணாவின் வாதம். தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தார்கள்.

அப்போது காமராஜர் என்ன செய்தார்? ஜனவரி கடைசியில் பெங்களூரில் நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ், சஞ்சீவ ரெட்டி ஆகியோருடன் கூடிப் பேசி, இந்தி பேசாத மக்கள் மீது இந்தியைத் திணிக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். அதைச் சட்டமாக்கிய திருத்தம் 1967 டிசம்பரில்தான் நிறைவேறியது. தேர்தல் முடிந்து பத்து மாதம் கழித்து!

அதற்கு முன்பே, 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் கொண்டு வந்ததும் காமராஜர் அரசுதான்.

ஆக, திணிப்பு வேண்டாம் என்பதில் அவரும் போராடிய மாணவரும் ஒரே பக்கம். ஆனால் மக்கள் கண்ணால் பார்த்தது அறிக்கையை அல்ல, அவர் கட்சி ஆட்சியின் போலீசை. விருதுநகரில் அவரை எதிர்த்து நின்றவரே அந்த மாணவர் போராட்டத்தில் இருந்து வந்தவர்.

2) அரிசி

1965, 1966 இரண்டு வருஷமும் நாட்டில் கடும் வறட்சி. அமெரிக்காவில் இருந்து பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தன் முதல் அலுவலகத்தை நம்ம தஞ்சாவூரில் திறந்தது. நெல்லை அரசே கொள்முதல் செய்து சேமித்துப் பகிரும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. இன்று நாம் வாங்கும் ரேஷன் அரிசிக்குப் பின்னாலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் ஒரு ஏற்பாடு வேர் பிடிக்கச் சில வருஷம் ஆகும். வயிறு அன்னைக்கே கேட்கும். அரிசிக் கடை வரிசையில் நின்றவரிடம் தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி" என்றது. காங்கிரசிடம் அதற்கு இணையான ஒற்றை வரி பதில் இல்லை. ஆட்சிக்கு வந்தபின் மூன்று படி கொடுக்க முடியவில்லை என்பதும், சென்னையிலும் கோவையிலும் ஒரு படியோடு நின்றதும் பின்கதை.

3) ரூபாய் மதிப்பு

1966 ஜூன் 6. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்று இருந்தது ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. வெளிநாட்டில் 476 ரூபாய்க்கு வாங்கிய சரக்குக்கு இனிமேல் 750 ரூபாய்.

கட்சித் தலைவரான காமராஜரிடம் கலந்து பேசாமல் எடுத்த முடிவு இது. அவருக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆனால் "இதை நான் எதிர்த்தேன், எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று ஆளுங்கட்சித் தலைவர் மேடையில் கேட்க முடியுமா? அவர் எதிர்த்த முடிவுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டிய நிலை.

4) பசுவதைத் தடை

1966 நவம்பர் 7. நாடு முழுக்கப் பசுவதையைத் தடை செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தை நோக்கிப் பெரும் ஊர்வலம். அது கலவரமானது. டெல்லியில் காமராஜர் தங்கியிருந்த வீட்டையே தாக்கித் தீ வைத்தார்கள். அவர் அந்தக் கோரிக்கைக்கு வளைந்து கொடுக்கவில்லை. உயிருக்கே ஆபத்து வந்தும் நிலைப்பாடு மாறவில்லை என்பதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் அது விருதுநகரில் ஓட்டாக மாறவில்லை.

தேசியப் பிரச்சினை நான்கும் போக, உள்ளூர் மண்ணில் ஒரு பழைய காயமும் உண்டு.

1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் காந்தியவாதி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். கோரிக்கைகள் 12. அதில் ஒன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது.

டாக்டராக ஒரு வார்த்தை. சாப்பாடு நின்றதும் ஈரலில் இருக்கும் சர்க்கரை இருப்பு ஏறக்குறைய ஒரு நாளில் காலி. அப்புறம் உடம்பு கொழுப்பை எரிக்கும். கொழுப்பும் தீர்ந்தால் தசையை எரிக்கும். இதயமும் தசைதானே? அவர் 75 நாளுக்கும் மேல் தாக்குப்பிடித்தார். அக்டோபர் 13 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

முதல்வர் காமராஜர் அரசு பெயர் மாற்றத்துக்கு இசையவில்லை. 1961இல் தமிழில் எழுதும்போது மட்டும் "தமிழ்நாடு" என்று பாதி வழிக்கு வந்தது. மொழியில் மக்கள் பக்கம் நின்றவர், இதில் நிற்கவில்லை. பெரியவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. 1967 ஜூலையில் அண்ணா அரசு தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14 முதல் "தமிழ்நாடு" நடைமுறைக்கு வந்தது.

இப்போது காரணத்தை எழுதலாமா?

உடனடிக் காரணம்: அரிசி வரிசையும் 1965இன் கோபமும்.
அடிப்படைக் காரணம்: வேட்பாளரின் நிலைப்பாடு மூடிய அறைக்குள் இருந்தது, கட்சியின் செயல் தெருவில் இருந்தது. மக்கள் தெருவில் பார்த்ததற்கு ஓட்டுப் போட்டார்கள்.

மாநிலம் முழுக்கக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய 41 சதவீதம் வாக்கு. சீட்டு மட்டும் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. முதல்வர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அப்புறம் விருதுநகரை மட்டும் நன்றி கெட்ட ஊர் என்பது என்ன நியாயம்?

இதை ஏன் இப்போது சொல்றேன்?

நம்ம பகுதியில் ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஆளு, எவ்வளவு கொடுப்பாரு, கல்யாணம் காதுகுத்துக்கு வருவாரா. அவ்வளவுதான்.

ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் நம்ம சோறே டெல்லி முடிவில்தான் இருக்கு. அரசியல் சட்டத்தில் வெடிபொருள் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. வெடிபொருள் சட்டம் 1884ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். அதைக் கவனிக்கும் பெசோ அமைப்பின் தலைமையகம் நாக்பூரில். பசுமைப் பட்டாசுக்கு ஃபார்முலா கொடுத்த நீரி நிறுவனமும் அங்கேதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டதும் டெல்லியில்தான்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 35 பேருக்கும் மேல் போனார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. தீக்காயத்தோடு வருகிறவர்களில் உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவரைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். வார்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம். வராமல் தடுப்பது சட்டமும் ஆய்வும்தான்.

ஆகவே, அடுத்த முறை எம்.பி. வேட்பாளர் யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், தெருவில் வைத்தே இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

✅ லைசென்ஸ் ஒருத்தர் பெயரில், தொழில் நடத்துவது உள்குத்தகைக்காரர். இதை ஒழிக்க நீங்க என்ன செய்வீங்க?

✅ பேரியம், சரவெடி தடையில் உங்க நிலைப்பாடு என்ன? தொழிலாளிக்கு மாற்று வருமானம் என்ன?

✅ மருந்து கலக்கும் அறையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கா என்று யார் பார்ப்பது?

✅ உங்க கட்சி இதற்கு எதிராக முடிவெடுத்தால் நாடாளுமன்றத்தில் வாய் திறப்பீங்களா?

நாலாவது கேள்விதான் முக்கியம். 1966 ஜூன் 6 நமக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி அது.

பதிலை ஃபோனில் பதிவு பண்ணி வைங்க. ஐந்து வருஷம் கழிச்சு அவர் மறுபடி வரும்போது போட்டுக் காட்டுங்க.

643 பேர் போதும்னு நம்ம ஊரே காட்டியிருக்கு.

ஒரு அரசு மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.