குகையும் பண்ணை வீடும்

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் மிக எளிதானது, 'அந்தக் காட்சி தேவையில்லை' என்பதுதான். எளிதாக இருப்பதாலேயே நாம் அதற்கு மேல் கேட்பதில்லை. யாருக்குத் தேவையில்லை? ஒவ்வொரு நிமிடமும் பெரும்பணம் விழுங்கும் ஒரு படத்தில் தேவையில்லாத ஒன்றை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? பல சாகச நாயகர்கள் ஒன்றுகூடும் படங்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2015இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' அதற்குள் நுழைய நல்ல வாசல்.

ஜாஸ் வீடன் எழுதி இயக்கிய இப்படம் 141 நிமிடம் ஓடுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 140 கோடி டாலர் ஈட்டியது. உலகைக் காப்பதற்கென்று டோனி ஸ்டார்க் உருவாக்கும் அல்ட்ரான் என்னும் இயந்திர அறிவு மனித இனத்தை அழிக்கப் புறப்படுகிறது. நாயகர்கள் சிதறி, ஒளிந்து, மீண்டும் கூடி வெல்கிறார்கள். கதை இவ்வளவே. வந்த நாள் முதல் இப்படத்தின் மூன்று பகுதிகளை ரசிகர்கள் வேண்டாதவை என்று சுட்டிவருகிறார்கள். தோர் குகைக்குள் போவது ஒன்று. நாயகர்கள் ஒரு பண்ணை வீட்டில் தங்குவது இன்னொன்று. நடாஷாவுக்கும் புரூஸ் பேனருக்கும் இடையிலான காதல் மூன்றாவது. மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பது சரியன்று என்பதே நம் வாதம்.

குகையை முதலில் பார்க்கலாம். படத்தின் நடுப்பகுதியில் தோர் குழுவை விட்டு விலகிப் போகிறான். வாண்டா தன் மனத்துக்குள் ஏற்படுத்திய கனவின் பொருளை அவன் அறிய வேண்டுமாம். பழைய நண்பரான விஞ்ஞானி செல்விக்கை அழைத்துக்கொண்டு ஒரு குகைக்குச் சென்று, அங்குள்ள நீரில் மேலாடையின்றி இறங்குகிறான். மின்னல் வெட்டுகிறது, அலறுகிறான், சில மாயக் கற்கள் தெரிகின்றன. அவ்வளவுதான். அடுத்து நாம் அவனைப் பார்க்கும்போது யாவும் உணர்ந்தவனாக வந்து, விஷன் என்னும் புதிய உயிர் பிறக்கத் தன் மின்னலைக் கொடுக்கிறான். நீரில் அவன் என்ன கண்டான், அது இந்தக் கதைக்கு என்ன செய்தது என்று இரண்டாம் முறை பார்த்தாலும் தெளிவாவதில்லை.

படம் வெளியான சில நாட்களுக்குள் 'எம்பயர்' இதழின் ஒலிப்பேட்டி ஒன்றில் வீடன் இதற்கான விளக்கத்தைத் தாமே சொல்லிவிட்டார். அவர் முதலில் எடுத்த காட்சி வேறு. வடபுலத் தொன்மத்தின் விதித் தேவதைகளான நார்ன்கள் தோரின் உடலில் புகுந்துகொள்ள, செல்விக் கேள்வி கேட்க, தேவதைகள் தோரின் வாயால் விடை சொல்வதாக அமைந்தது அது. நம்மூர்ச் சாமியாடியிடம் குறி கேட்பதைப் போல. முன்னோட்டத் திரையிடல்களில் அது எடுபடவில்லை. தோரின் தனிப்படத்தில் அது பிரமாதமாக இருந்திருக்கும், இந்தப் படத்தில் விலகி நின்றது என்று வீடனே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் நீக்கியிருக்கலாமே? அங்கேதான் பேரம் வருகிறது. கனவுக் காட்சிகளும் பண்ணை வீடும் நிறுவனத்தாருக்குப் பிடிக்கவில்லை. குகை இருக்க வேண்டும், இல்லையென்றால் பண்ணை வீடு போய்விடும் என்பது அவர்கள் நிலை. வீடன் குகையைக் கொடுத்துப் பண்ணை வீட்டை மீட்டுக்கொண்டார். பார்வையாளர்கள் ஒரே மூச்சில் குறைசொன்ன இரு காட்சிகளில் ஒன்று மற்றொன்றுக்குப் பிணையாக இருந்திருக்கிறது.

நிறுவனத்துக்குக் குகை ஏன் அவ்வளவு முக்கியம்? 2014 அக்டோபரில், அதாவது இப்படம் திரைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே, மார்வெல் 2019 வரையிலான தன் படவரிசையைத் தேதியிட்டு அறிவித்துவிட்டது. தோரின் மூன்றாம் படம் அதில் இருந்தது. அந்த மாயக் கற்களைச் சுற்றியே அமையப்போகும் 'இன்ஃபினிட்டி வார்' இருந்தது. குகையில் தோர் காண்பது அவற்றைத்தான். இந்தப் படத்துக்குள் இருந்துகொண்டு, மூன்றாண்டு கழித்து வரப்போகும் படத்துக்கு வாசல் திறக்கும் காட்சி அது.

இது திரைப்படக்காரர்கள் கண்டுபிடித்த நோயன்று. நாயகர் கூட்டணி என்ற வடிவமே இப்படித்தான் பிறந்தது. 1940இன் குளிர்காலத்தில் வந்த 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற பெயரில் நாயகர்கள் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். கூடி என்ன செய்தார்கள்? ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சேர்ந்து யாரோடும் போரிடவில்லை. பொதுவான பகைவன் அடுத்தடுத்த இதழ்களில் வந்தபோதும், ஒவ்வொருவரும் தனித்தனி அத்தியாயத்தில் போய்ச் சண்டையிட்டுவிட்டுக் கடைசியில் கூடுவதே வழக்கமாயிற்று. வேறு இதழ்களில் துணைக்கதைகளில் வந்துகொண்டிருந்தவர்களை வாசகருக்கு அறிமுகப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆகவே ஒரு வேடிக்கையான விதியும் இருந்தது: தன் பெயரில் தனி இதழ் பெற்றுவிட்ட நாயகன் சங்கத்திலிருந்து விலகிவிட வேண்டும். ஃப்ளாஷும் கிரீன் லாண்டர்னும் அப்படிக் கௌரவ உறுப்பினர்களாகிப் போனார்கள். வணிக விதிதான். ஆனால் அதற்குள் ஒரு கதைநுட்பம் ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் 'அவெஞ்சர்ஸ்' இதழைத் தொடங்கியபோது இந்த விதியைத் தலைகீழாக்கினார்கள். ஏற்கனவே வேறு இதழ்களில் பெயர் பெற்றவர்களையே கூட்டிச் சேர்த்தார்கள். சிக்கலும் உடனே தொடங்கியது. தோர் தன் சொந்த இதழில் வேறொரு உலகில் சிக்கியிருக்கும் மாதத்தில் இங்கே நியூயார்க்கில் எப்படிச் சண்டை போடுவான்? விடை, உடுக்குறியிட்ட அடிக்குறிப்பு: இன்ன இதழின் இன்ன எண்ணைப் பார்க்க. வாசகர் அதையும் வாங்கினார். அடிக்குறிப்பு விளக்கமாகவும் இருந்தது, விளம்பரமாகவும் இருந்தது. தோரின் குகை, கோடிக்கணக்கில் செலவழித்துப் படமாக்கப்பட்ட ஓர் அடிக்குறிப்பு. ஒரே வேறுபாடு, அடிக்குறிப்பைக் கண்ணை மூடித் தாண்டிவிடலாம். காட்சியைத் தாண்ட முடியாது.

ஸ்டான் லீ இந்தத் தொல்லையிலிருந்து 1965இல் தப்பித்தார். 16ஆம் இதழில் தோர், அயர்ன் மேன் முதலியோரை விடுப்பில் அனுப்பிவிட்டு, கேப்டன் அமெரிக்காவின் தலைமையில் மூவரைச் சேர்த்தார்: ஹாக்கை, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச். மூவரும் அதற்கு முன் எதிரணியில் இருந்தவர்கள். மூவருக்கும் தனித்தொடர் கிடையாது. அவர்களுக்கு என்ன நேர வேண்டுமானாலும் அது இந்த இதழின் பக்கங்களிலேயே நேர வேண்டும். அவமானமும் கோபமும் சகோதரப் பாசமும் இங்கேயே தொடங்கி இங்கேயே வளரலாம். குழுக்கதை என்பது உண்மையில் அப்போதுதான் தொடங்கியது என்போம்.

அந்த மூவரும் வீடனின் படத்தில் இருக்கிறார்கள் என்பது தற்செயலா, தெரிந்து செய்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ஹாக்கை என்னும் கிளின்ட் பார்ட்டன், பியத்ரோ, வாண்டா. படத்தில் உயிருள்ள இழை இவர்களுடையது. பண்ணை வீடு பார்ட்டனுடையது. தோற்றுப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாத நிலையில் நாயகர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். வாசலில் கர்ப்பிணி மனைவி, ஓடிவரும் இரண்டு பிள்ளைகள்; அம்பெய்கிறவனுக்கு இப்படியொரு வாழ்க்கை இருப்பதை நடாஷாவைத் தவிர யாரும் அறிந்திருக்கவில்லை. ஸ்டீவ் ராஜர்ஸ் அந்த வீட்டின் நிலைப்படி வரை வந்து, உள்ளே போக மனமின்றித் திரும்பிவிடுகிறான். ஸ்டார்க்கும் அவனும் விறகு பிளந்துகொண்டே சண்டையிடுகிறார்கள். பார்ட்டன் சாப்பாட்டு அறையை மாற்றிக் கட்டுவதைப் பற்றி யோசிக்கிறான். கதை ஓரடி நகரவில்லை என்பது உண்மை. ஆனால் கடைசிப் போரில், நகரமே வானில் மிதக்கும்போது, அஞ்சி ஒடுங்கிய வாண்டாவிடம் பார்ட்டன் பேசும் நாலு வார்த்தைக்கு எடை எங்கிருந்து வருகிறது? அவனைக் காக்கப் பியத்ரோ குண்டுகளைத் தன்மேல் வாங்கிச் சாவதும், பார்ட்டனின் பிள்ளைக்கு அவன் பெயர் வைக்கப்படுவதும் எதனால் நெஞ்சில் தங்குகின்றன? பண்ணை வீட்டைத் தூக்கிவிட்டால் இவை வெறும் தகவல்கள்.

பாரதத்தில் நளன் கதையை வனத்தில் தருமனுக்குச் சொல்கிறார் பிருகதசுவர். நெடிய கிளைக்கதை. முடிவில் சூதாட்டத்தின் நுட்பத்தையும் தருமனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். கிளை மரத்துக்கு ஏதோ ஒன்றைத் திருப்பித் தருகிறது. குகை இந்தப் படத்திடமிருந்து நேரத்தை வாங்கிக்கொண்டு வேறு படத்திடம் கொடுக்கிறது.

நடாஷா, பேனர் காதலுக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது நடாஷாவுக்குத் தனிப்படம் இல்லை. அது 2021இல்தான் வந்தது. பேனருக்கும் 2008க்குப் பிறகு தனிப்படம் இல்லை. போக வேறிடமற்ற இருவர். நம் கணக்குப்படி செழித்திருக்க வேண்டிய இழை. செழிக்கவில்லை. 2012இன் முதல் படத்தில் அவளுக்கு அவனிடம் இருந்த அச்சம் அவ்வளவு நிசமாக இருந்தது. அது எப்போது அன்பாக மாறியது என்பதை நாம் பார்க்கவேயில்லை. பயிற்சிக் காலத்தில் தனக்குக் கருத்தடை செய்யப்பட்டதைச் சொல்லிவிட்டு, அரக்கன் நீ மட்டுமல்ல என்ற பொருளில் அவள் பேசுமிடம் அன்றே கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சரியாகவே உள்ளாயிற்று என்பது நம் கருத்து. 2018இல் இருவரும் மீண்டும் சந்திக்கும்போது சங்கடமான ஒரு நொடியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்தத் தவறுக்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை. இது எழுத்தின் தவறு.

வெட்டப்பட்ட ஒரு காட்சியும் இங்கே நினைவுக்கு வருகிறது. லோகியாக டாம் ஹிடில்ஸ்டன் நடித்த பகுதி எடுக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. முன்னோட்டம் பார்த்தவர்கள், லோகி வருகிறான் என்றால் அல்ட்ரானை இயக்குவது அவனாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்களாம். பார்வையாளர்களின் தர்க்கம் பிழையற்றது. ஒருவன் கதைக்குள் வந்தால் கதைக்காக வந்திருக்கிறான் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

வீடனை நாயகனாக்குவது நம் எண்ணமன்று. 2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தைச் சாக் ஸ்னைடர் இடையில் விட்டு விலக, அதை முடித்துக் கொடுத்தவர் அவர்தான். 120 நிமிடப் படத்தில், போர் நடக்கவிருக்கும் இடத்துக்கு அருகே ஒரு ரஷ்யக் குடும்பத்தைச் சேர்த்தார். பண்ணை வீட்டின் நினைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் எந்த நாயகனுக்கும் எதுவும் ஆகமாட்டார்கள். பயந்து நிற்பார்கள், காப்பாற்றப்படுவார்கள். 2021இல் ஸ்னைடரின் 242 நிமிட வடிவம் வந்தபோது அதில் அந்தக் குடும்பம் இல்லை. அத்தனை நீண்ட படத்திலும் அவர்களைக் காணோமே என்று யாரும் தேடவில்லை. அப்படத்தில் நடித்த ரே ஃபிஷர் 2020இல் வீடனின் படப்பிடிப்பு நடத்தையை வெளிப்படையாகக் குற்றம் சாட்டியதும் இந்த வரலாற்றின் பகுதியே.

குகை என்ன ஆயிற்று? 2017இல் வந்த தோரின் மூன்றாம் படமான 'ரக்னராக்', அவன் ஒரு கூண்டுக்குள் தொங்கிக்கொண்டு எலும்புக்கூட்டிடம் கதை சொல்வதில் தொடங்குகிறது. அண்டமெங்கும் மாயக் கற்களைத் தேடினேன், கிடைக்கவில்லை, ஊர் எரிவதாகக் கனவு வருகிறது என்று கேலியும் கிண்டலுமாகச் சில வாக்கியங்களில் சொல்லி முடிக்கிறான். அரங்கில் ஒருவருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை.

2019இல் 'எண்ட்கேம்' வந்தது. முதல் காட்சி, ஒரு பண்ணை வீட்டின் புல்வெளி. பார்ட்டன் தன் மகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். மனைவி உணவுக்கு அழைக்கிறாள். அவன் ஒரு கணம் திரும்புகிறான். மீண்டும் பார்க்கும்போது அங்கே யாருமில்லை, காற்றில் கொஞ்சம் தூசி பறக்கிறது.