மகப்பேறின்மைக்கான மரபுவழி மருந்துகளும் தமிழ்நாட்டுப் பெண்களும்

மகப்பேறின்மை என்பது ஓராண்டோ அதற்கு மேலோ முயன்றும் கருத்தரிக்காத நிலையாகும். உலகில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதை எதிர்கொள்கிறார் என உலக சுகாதார அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வேண்டுதல், கைமருந்து, சித்த மருந்து, நவீன மருத்துவம் ஆகிய நான்கும் இதற்காக நாடப்படுகின்றன. குறை ஆணிடமும் இருக்கலாம் என்பதைப் பழைய மருத்துவ நூல்கள் அறிந்திருந்தன. எனினும் நோன்பையும் மருந்தையும் பெரும்பாலும் பெண்களே ஏற்றனர்.

வேண்டுதல்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பல்லவர்–சாளுக்கியர் போரால் அறியப்படும் மணிமங்கலத்தின் வட்டாரத்திலேயே இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரும் உள்ளது. அவருடைய பெற்றோர் கேசவ சோமயாஜியும் காந்திமதியும் நெடுங்காலம் குழந்தையின்றி இருந்து, திருவல்லிக்கேணியில் வேள்வி செய்தபின் 1017இல் அவர் பிறந்தார் என்பது வைணவ மரபு. இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற பிறப்புக் கதையே ஒரு குழந்தை வரக் கதையாகும்.

இக்கதையில் கணவனும் மனைவியும் சேர்ந்து வேண்டுகின்றனர். தஞ்சாவூர் மாவட்டத் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வைத்துத் தரப்படும் நெய்யையும் இருவரும் உண்பது வழக்கம். ஆனால் அரசமரம் சுற்றுவது, மரத்தில் தொட்டில் கட்டுவது, விரதம் இருப்பது போன்றவை பெண்களின் கடமைகளாயின. அரசமரத்தைச் சுற்றியதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழி அவசரக்காரரைக் கேலி செய்கிறது. அந்த அவசரத்துக்கு உருவமாக அது காட்டுவது ஒரு பெண்ணையே.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. பிள்ளையில்லாத மனைவி இருக்க, எட்டாம் ஆண்டில் கணவன் வேறு மணம் செய்யலாம் என்கிறது மனு நூல். சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களின் இருதார மணம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தடைசெய்யப்பட்டது. ‘மலடி’ என்ற சொல்லோடு வளைகாப்பு போன்ற மங்கல நிகழ்வுகளில் ஒதுக்கப்படும் வழக்கமும் இருந்தது. மருந்து தேடிய பெண் குழந்தையை மட்டும் தேடவில்லை. வீட்டில் தன் இடத்தையும் காத்துக்கொள்ள முயன்றாள்.

மருந்துகள்

சுசுருத சம்கிதை ஆணின் விந்துக் குறைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சித்த மருத்துவமும் ஆண் மலடு, பெண் மலடு என இரண்டையும் பேசுகிறது. ஆயினும் விந்தணுவைக் காண நுண்ணோக்கி வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் லீவன்ஹூக் 1677இல்தான் அதைக் கண்டார். சோதனைக்கு வழியில்லாத காலத்தில் பழி, வயிறு திறக்காத பெண்ணின் மேலேயே விழுந்தது.

மாதவிடாய் நாட்களில் மலைவேம்புச் சாறு குடிப்பது, நீர்க்கட்டிக்குக் கழற்சிக்காய்ப் பொடி உண்பது, தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், செவ்வாழை ஆகியவை இன்றும் பரவலாக உள்ளன. மாமியார், அண்டைவீட்டார் மூலம் அறிமுகமாவதும், செலவு குறைவதும், மருத்துவமனைக்குப் போவதை ஊர் அறியாமல் தவிர்க்க முடிவதும் இவற்றின் ஈர்ப்பு. மலைவேம்பு கருத்தரிக்க உதவும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேம்பின் எண்ணெய், கருத்தடைப் பொருளாகவே ஆய்வுசெய்யப்பட்டது.

அரசும் மருத்துவமும்

சென்னை மாகாண அரசு 1921இல் அமைத்த உஸ்மான் குழு, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. மணிமங்கலத்துக்குக் கிழக்கே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மறுபுறம், பெண்களின் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மாய மருந்துகள் சட்டம் தடை செய்தது.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் சென்னையில் பிறந்தது. அதன்பின்னும் பழைய முறைகள் மறையவில்லை. பல பெண்கள் இரண்டையும் ஒருசேரப் பின்பற்றுகின்றனர்.

இடர்கள்

மரபுவழி மருந்து என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. 2011–12இல் நியூயார்க் நகரில், இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்ட 6 கர்ப்பிணிகளிடம் ஈய நஞ்சேற்றம் கண்டறியப்பட்டது. கருப்பைக் குழாய் அடைப்பைக் கண்டறியாமல் ஆண்டுக்கணக்கில் சாறு குடிப்பதால் வயது கடந்து, சிகிச்சை பலிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

குழந்தையில்லாத இணையரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் சார்ந்த காரணமும் பங்கு பெறுகிறது. அதை அறிய உதவும் விந்துப் பரிசோதனை எளியது; அறுவை தேவைப்படாதது. எனவே இருவரையும் தொடக்கத்திலேயே சோதிப்பதும், உண்ணும் நாட்டு மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும், பெண்ணின் உடல்மீது மட்டும் நடந்துவந்த நீண்ட சோதனையைக் குறைக்கும்.