மண்டபத்தில் நிற்காத புழு

இராமேஸ்வரம் ரயிலில் போனவர்கள் 'மண்டபம் கேம்ப்' ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அது இலங்கை அகதிகள் முகாம். ஆனால் 'கேம்ப்' என்ற பெயர் அகதிகளால் வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், இந்திய மண்ணில் சிலோன் அரசாங்கம் நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற தமிழர்களை அங்கே சில நாள் நிறுத்தி, சோதித்து, அம்மை குத்தி, பிளேக், காலரா இல்லை என்று தெரிந்த பிறகே தலைமன்னார் கப்பலில் ஏற்றினார்கள்.

இதையும் இரு நாட்டுச் சுகாதார ஒத்துழைப்பு என்று சொல்லலாம்தான். ஆனால் காப்பாற்றப்பட்டது தோட்டம். ஆள் புறப்பட்ட கிராமத்தில் என்ன நோய் என்பது முகாமின் கவலை இல்லை.

இதிலிருந்த ஓட்டையைக் காட்டியது கொக்கிப்புழு. மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். மருந்து கொடுத்தால் போகும். கக்கூஸ் இல்லாத லயத்தில் நடந்தால் திரும்ப வரும். ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் நடத்திய ஒழிப்பு வேலை இங்கேதான் முட்டி நின்றது. மருந்து மட்டும் போதாது என்று புரிந்தபின், 1926-இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கினார்கள். குறிப்பிட்ட ஒரு பகுதி. அங்குள்ள பிரசவம், பள்ளிப் பிள்ளைகள், கழிப்பறை, தொற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே குழு பொறுப்பு.

இலங்கையில் அந்த அறக்கட்டளைக்காக வேலை பார்த்த டாக்டர் ஜேக்காக்ஸ் 1928-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். கொக்கிப்புழு, யானைக்கால், மலேரியா பற்றிய ஆய்வுகள் நடந்தன. பொதுச் சுகாதாரத் துறை உருவானது. நெய்யாற்றின்கரையில் களுத்துறை போலவே ஒரு பிரிவு வந்தது. அப்போது இராஜாக்கமங்கலமும் நாஞ்சில் நாடு முழுக்கவும் திருவிதாங்கூர்தான். இன்றைக்கு எங்கள் பக்கம் கிராம செவிலியர் வீடு தேடி வருகிறார் என்றால், அந்த யோசனை வந்த வழிகளில் ஒன்று கடல்வழி.

மண்டபம் ஆளை நிறுத்தியது. களுத்துறை ஊரைச் சரிசெய்யப் பார்த்தது. இரண்டில் எது இன்றைக்கும் தேவை?

2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வருஷக் கடைசியிலேயே, கூலிகள் போய் இறங்கிய அதே மன்னார்த் தீவில், அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற கொசு. அதை எந்த முகாமில் நிறுத்துவது? மன்னார்க் கிணறுகளில் புழு தேடுவது அவர்கள் வேலை. சென்னையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மூடிவைப்பது நம் வேலை. இரண்டையும் தனித்தனி வேலையாக நினைக்கிறவரைக்கும் நாம் இன்னும் மண்டபத்திலேயேதான் நிற்கிறோம்.