தேர்தல் செலவும் இடம்பெயர்ந்தோர் வாக்கும்: புத்தளம் கரையோரம்

கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கு இலங்கைத் தேர்தல் சீர்திருத்த வரலாற்றில் தனியிடம் உண்டு. 1999 ஜனவரி 25ஆம் திகதி வடமேல் மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது, குருநாகல், புத்தளம் ஆகிய இரு மாவட்டங்களிலும் எதிர்க்கட்சி முகவர்கள் வாக்களிப்பு நிலையங்களிலிருந்து விரட்டப்பட்டனர்; வாக்குச்சீட்டுகள் கட்டுக்கட்டாகப் பெட்டிகளுக்குள் திணிக்கப்பட்டன. ஆளும் பொதுசன ஐக்கிய முன்னணி வென்றதாக அறிவிக்கப்பட்டது. 2001இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் சுயாதீன தேர்தல் ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. ஆயினும் முதல் ஆணைக்குழு 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 2015 நவம்பரில்தான் நியமிக்கப்பட்டது. ஒரு மாகாணமே கண்கூடாகக் கண்ட மோசடிக்குப் பின் 16 ஆண்டுகள் காத்திருக்க வைத்தது மன்னிக்கத்தக்கதல்ல. பெட்டியைக் காக்க இவ்வளவு காலம் பிடித்தது. பணத்தின் பக்கம் சட்டம் திரும்ப இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

பணம் வாக்காளரை எங்கே தொடுகிறது என்பதை இக்கரையோரம் தெளிவாகக் காட்டுகிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை போன்ற இடங்களில் குடியேறினர். பலர் புத்தளத்திலேயே வாக்காளராயினர். வேறு பலரின் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பில் நீடித்தது. அவர்கள் வாக்களிக்கப் பேருந்து வேண்டும், அதை ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் அரசியல்வாதி. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற நூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளின் அணி தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டது. வீதியில் டயர்கள் எரிக்கப்பட்டன, கற்கள் பறந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. உயிரிழப்பு இல்லாதது பெரும் ஆறுதல். இப்பயணத்துக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்துகளை அமர்த்தியதில் பொதுப்பணம் தவறாகப் பயன்பட்டதாகக் கூறி 2020 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் கைதானார். அவ்வழக்கின் சரி பிழையை விட அது எழுப்பும் கேள்வியே இங்கு முக்கியம்: சொந்த ஊருக்குப் போய் வாக்களிக்கும் செலவு யாருடையது?

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இதற்கு விடை தரவில்லை. அரச திணைக்களங்களிடமோ வெளிநாட்டு அரசுகளிடமோ பெயர் தெரியாதவர்களிடமோ நன்கொடை வாங்குவதை அது தடுக்கிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்டவும் சொல்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில் செலவிடலாம் என உச்சவரம்பு வகுக்கப்பட்டது. ஒருவரைப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவர அந்த 109 ரூபாய் எந்தக் கணக்கிலும் போதாது. வேட்பாளர் வாக்காளரை வாகனத்தில் ஏற்றிச் செல்வதைத் தேர்தல் சட்டமும் தடுக்கிறது. ஆகவே இங்கே பேருந்து அனுப்புபவர் சட்டத்தை மீறுகிறார், அல்லது அரச பணத்தைத் தொடுகிறார், அல்லது செலவை மறைக்கிறார். அனுப்பாவிட்டால் ஏழை வாக்காளரின் உரிமை போகிறது. அரசு செய்யவேண்டிய செலவை அரசு செய்யாதவரை எந்த உச்சவரம்பும் காகிதத்தில்தான் நிற்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் புத்தளத்தில் வாழ்பவர்கள் இங்கேயே பதிந்துகொள்ளட்டுமே என்பது ஒரு வாதம். விரும்பியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் காணியையும் மீள்குடியேறும் நம்பிக்கையையும் மன்னாரில் வைத்திருப்பவரைப் பேருந்துக் கட்டணத்துக்காகப் பெயரை மாற்றச் சொல்வது 1990இல் நடந்த வெளியேற்றத்தை வாக்காளர் இடாப்பிலும் நிரந்தரமாக்குவதாகும். புத்தளத்திலேயே அவர்களுக்கு வாக்களிப்பு நிலையம் அமைத்தால் கள்ள வாக்குப் பெருகும் என்பது மற்றொரு வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் 1999இல் மோசடி நடந்தது வாக்காளரின் சொந்த ஊரிலேதான். முகவர்கள் விரட்டப்பட்டதும் பொலிஸார் தடுக்கத் தவறியதுமே அதற்குக் காரணம். அடையாள அட்டையும் எல்லாக் கட்சி முகவர்களும் கண்காணிப்பாளர்களும் இருக்கும் நிலையத்தில் தூரத்தால் மோசடி பிறப்பதில்லை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் மன்னார் அடங்கிய வன்னி மாவட்ட வாக்காளருக்குப் புத்தளத்தில் தனி வாக்களிப்பு நிலையங்கள் இயங்கியுள்ளன. அரச ஊழியர் தபால் மூலம் வாக்களிப்பதும் நெடுநாள் வழக்கம்.

தேர்தல்கள் ஆணைக்குழு புத்தளத்தின் இத்தனி வாக்களிப்பு நிலையங்களை ஒவ்வொரு தேர்தலுக்கும் நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும். மன்னாருக்கே போக விரும்புவோருக்கான பேருந்தையும் ஆணைக்குழுவே தன் செலவில், கட்சிச் சின்னம் எதுவுமின்றி விட வேண்டும். அதற்கான சட்டத்திருத்தத்தை அடுத்த தேர்தலுக்கு முன் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.