சோம்பலோ, கடனோ?

மலேயாவில் ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலத்தே, சிறு நெற்குடியானவனின் விளைச்சல் குறைவதற்கு அவனது சோம்பலே காரணம் என்றுரைத்த துரைமார் பலர். நம்மவருள்ளும் அதனை நம்பினோர் உளர். தோட்டத்துச் செக்ரோலை நாள்தோறும் புரட்டும் என் போன்ற கிராணி, ஒருவன் கையிற் சேரும் சம்பளம் குறையக் கண்டால் அவன் வேலை நாட்களை மட்டும் பாரான். அவன் பேரிலுள்ள பற்றையும் பார்ப்பான். கெடா உழவனின் கணக்கையும் அங்ஙனமே பார்த்தல் வேண்டும்.

முதற் காரணம் தண்ணீர். கெடாவின் சமவெளியிற் பெரும்பகுதி முன்னாளிற் சதுப்பாய்க் கிடந்தது. அமைச்சர் வான் முகமது சமான் 1885இல் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து கூருன் வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர் ஓடிச் சதுப்பை வயலாக்கிற்று. ஆயினும் அக்கால்வாய் நீரை வடிக்குமேயன்றித் தேக்கி வைக்காது. மழை பொய்ப்பின் பயிரும் பொய்த்தது. ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. எஞ்சிய மாதங்களில் வயல் வறண்டு கிடக்க, உழவன் எதனை உழுவான்?

இரண்டாவது காரணம் கடன். கெடாவில் 'பாடி குஞ்சா' என்றொரு வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 160 கந்தாங் கொண்டது ஒரு குஞ்சா. வீட்டு நெல் தீர்ந்து தவிக்கும் குடியானவன், அறுவடைக்குச் சில திங்கள் முன்னரே கடைக்காரரிடம் முன்பணம் பெறுவான். அறுத்ததும் இத்தனை குஞ்சா அளப்பதாக ஒப்புவான். அவனுக்குக் கிடைத்த விலையோ அறுவடைக் கால விலையினும் மிகத் தாழ்ந்தது. கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறிய நம் முன்னோர்க்கு இக்கணக்கு புதிதன்று. களத்து நெல் கடனுக்குப் போக, மறு ஆண்டும் கடனே கதியாயிற்று. இந்நிலையில் எருவுக்கும் நல்விதைக்கும் காசு ஏது? 'ஜுவால் ஜஞ்சி' என்னும் மீட்பு விற்பனையில் தவணை தவறினால் நிலமே கைவிட்டுப் போகும்.

1966இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கிற்று. மூடா, பெடு அணைகள் எழுந்தன. 1970 முதல் இரண்டாம் போகம் விளையலாயிற்று. பின்னர் அது ஏறக்குறைய 96,000 ஹெக்டேருக்குப் பரவிற்று. 1968இல் வெளிவந்த பஹகியா போன்ற குறுங்கால நெல்வகைகளும் துணை செய்தன. நிலம் அதே நிலம். உழவனும் அதே உழவன். ஒரு போகம் கண்ட கைகளே இரு போகம் கண்டன. துரைமார் கண்ட சோம்பல் எங்கே ஓடி ஒளிந்தது?

ஆயினும் தண்ணீர் மட்டும் எல்லா நோயையும் தீர்த்துவிடவில்லை. அறுவடைக்குப் பின் குத்தகை வாங்கிய நிலக்காரர் பலர், நடவுக்கு முன்பே அதனை ரொக்கமாய்க் கேட்கலாயினர். ரொக்கமில்லாதவன் நிலத்தை இழந்தான். 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்து, அரிவாள் பிடித்த ஏழைகளின் கூலியைப் பறித்தன. வயலின் விளைச்சல் பெருகிற்று. பிறர் நிலத்தை நம்பியவன் வாழ்வு அவ்வாறு பெருகவில்லை.

ஆகவே அன்பர்களே, விளைச்சலை அளப்பதற்கு உழவனின் வியர்வை மட்டும் அளவுகோலாகாது. நீர் எங்கிருந்து வருகிறது, நிலம் எவருடையது, கடன் எவரிடம் என்னும் மூன்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். உழைப்பவனைச் சோம்பேறி என்று எவரேனும் இகழக் கேட்பின், அவன் பற்றுக் கணக்கைக் காட்டுக எனக் கேளுங்கள்.