ஆப்பிரிக்க சிக்லிட் மீன் தொட்டி

கிழக்கு ஆப்பிரிக்காவின் பேரேரிகளில் வாழும் சிக்லிட் குடும்ப மீன்களை வளர்ப்பதற்கென அமைக்கப்படும் நன்னீர்த் தொட்டியே ஆப்பிரிக்க சிக்லிட் மீன் தொட்டி. மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரிகளின் மீன்கள் இவ்வாறு வளர்க்கப்படுகின்றன. வீடுகளில் அதிகம் காணப்படுபவை மலாவி ஏரியின் பாறைப் பகுதிகளில் வாழும் ம்புனா மீன்கள். அடர்ந்த மஞ்சளும் நீலமும் கொண்ட இவை கடல் மீன்களுக்கு நிகரான நிறம் உடையவை. அதே அளவுக்குச் சண்டைக் குணமும் உடையவை. கடினமான கார நீர், நெருக்கமான பாறை அடுக்கு, கூட்டமாக வளர்த்தல், வலுவான வடிகட்டல் ஆகிய நான்கும் இத்தொட்டியின் அடிப்படை. இவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் ஒன்று குறைந்தால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும்.

இயற்கை வாழிடம்

மலாவி ஏரி மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் எல்லையில் அமைந்தது. நீளம் 550 கிலோமீட்டருக்கு மேல். அதிகபட்ச ஆழம் ஏறத்தாழ 700 மீட்டர். இங்குள்ள சிக்லிட் இனங்கள் 800க்கும் அதிகம் எனக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. ஏரியின் தென்பகுதியிலுள்ள மலாவி ஏரி தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ம்புனா மீன்களின் வாழ்க்கை கரையோரப் பாறைகளைச் சுற்றியே நடக்கிறது. பாறைமேல் படரும் பாசியையும் அதனுள் வாழும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பதே அவற்றின் பிழைப்பு. லேபியோட்ரோபியஸ் இன மீனின் மூக்கு தடித்து முன்னே நீண்டிருக்கும். வாய் அதன் கீழே திறக்கும். இதனால் உடலைப் பாறைக்கு இணையாக வைத்துக்கொண்டே, அலையில் அடிபடாமல் அது பாசியை மேய்கிறது. ஆண் மீன் ஒவ்வொன்றும் ஒரு பாறை இடுக்கைத் தன் எல்லையாகக் கொண்டு, அங்கு நுழையும் மீனைத் துரத்தும். தொட்டிக்குள் நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் வேர் இதுவே.

தொட்டியும் பாறை அடுக்கும்

ம்புனா மீன்களுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி பொருத்தமான தொடக்கம். இதன் கொள்ளளவு சுமார் 250 லிட்டர். நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை 300 கிலோவைத் தாண்டும். எனவே சமதளமான, உறுதியான இரும்பு ஸ்டாண்டும், அதன்மேல் தெர்மோக்கோல் விரிப்பும் அவசியம். தொட்டியின் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். எல்லைகள் தரையில்தான் அமைகின்றன.

கற்களை அடுக்கிய பிறகே மணல் இட வேண்டும். சிக்லிட் மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டுபவை. மணல்மேல் நிறுத்திய கல், அடியில் குழி விழுந்ததும் சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். கற்கள் அடிக்கண்ணாடியின்மேல், இடையில் மெல்லிய ஃபோம் அட்டையுடன், நேரடியாக அமர வேண்டும். ஒரு மீன் துரத்தப்பட்டால் மறு பக்கத்தில் வெளியேறும் வகையில் இடுக்குகளுக்கு இரண்டு வழிகள் இருப்பது நல்லது. சுண்ணாம்புக் கல்லும் பவளத் துகள் கலந்த மணலும் நீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும். செடிகளை இம்மீன்கள் பிடுங்கிப் போடும், தின்றும் விடும்; கல்லில் கட்டிவைக்கக்கூடிய அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிகளே ஓரளவு தப்பும்.

நீரின் தன்மை

மலாவி மீன்களுக்கு பிஎச் அளவு 7.8 முதல் 8.6 வரையிலும் வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருக்க வேண்டும். தங்கனீக்கா மீன்களுக்கு இன்னும் கடினமான, பிஎச் 9ஐ நெருங்கும் நீர் பொருந்தும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிடைக்கும் கடினமான போர் தண்ணீர் மற்ற பல அலங்கார மீன்களுக்குத் தொல்லை. மலாவி மீன்களுக்கோ அது நல்ல அடிப்படை நீர். தாது நீக்கப்பட்ட ஆர்ஓ நீர் இவற்றுக்கு ஆகாது. நீர் மென்மையாக இருந்தால் வடிகட்டியினுள் பவளத் துகள் பையை வைக்கலாம். சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்தும் சேர்க்கலாம். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது. குறிப்பிட்ட எண்ணைப் பிடிப்பதைவிட, இருக்கும் அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே மீனுக்கு நல்லது.

சென்னை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. கோடையில் நீர் 30 டிகிரியைக் கடக்கும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், கூடுதல் ஏர் பம்ப் தேவைப்படும்.

வடிகட்டலும் நீர் பதப்படுதலும்

மீன் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொன்று நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சிக்லிட் தொட்டியில் இந்தச் சுழற்சி மற்ற தொட்டிகளைவிட உயிர்நாடியானது. பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காடுகூட நச்சு வடிவில் இருக்காது, 8.5இல் அது ஏறத்தாழ 15 விழுக்காடாக உயரும். மீன் விரும்பும் கார நீரே அம்மோனியாவின் நஞ்சையும் பெருக்குகிறது. மென்னீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு கவனக்குறைவு இங்கே ஒரே இரவில் மீன்களைக் கொல்லும்.

ஆகவே தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு 6 முதல் 10 முறை சுற்றிவிடும் கேனிஸ்டர் ஃபில்டரோ, அதற்கு நிகரான மேல்வடிகட்டியோ தேவை. மீன் விடுவதற்கு முன் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை ஃபில்டரில் வைத்தால் இக்காலம் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே மீன் வாங்க வேண்டும்.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

எலக்ட்ரிக் யெல்லோ எனப்படும் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ் ம்புனாக்களில் அமைதியானது; புதியவர்களுக்கு ஏற்றது. ஆரட்டஸும் கென்யியும் கடைகளில் சிறு வயதில் அழகாகத் தோன்றினாலும், வளர்ந்த ஆண்கள் தொட்டி முழுவதையும் தமதாக்கிக்கொள்ளும். கென்யி குஞ்சுகள் அனைத்தும் நீலமே. ஆண் முதிரும்போது மஞ்சளாகிறது.

ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற கணக்கில், ஒரே அளவுள்ள இளமீன்களை ஒரே நேரத்தில் விடுவது நல்லது. மீன்கள் கூட்டமாக இருக்கும்போது ஒன்றின் கோபம் பலவற்றின்மேல் பிரிந்துபோகும். நான்கைந்து மட்டும் இருந்தால் நலிந்த மீன் சாகும்வரை துரத்தப்படும். பின்னர் புதிய மீன் சேர்ப்பதானால் கற்களை மாற்றி அடுக்கிய பிறகு விட வேண்டும். பழைய எல்லைகள் கலைந்து எல்லா மீன்களும் புதிதாகத் தொடங்கும்.

வேட்டையாடும் மலாவி சிக்லிட்களை ம்புனாவோடு சேர்ப்பது தவறு. நிம்போக்ரோமிஸ் லிவிங்ஸ்டனி மணலில் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடக்கும். உடலின் திட்டுகள் அழுகல் தோற்றம் தரும். கொத்த வரும் சிறுமீனை நொடியில் விழுங்கிவிடும். இம்மீன் 25 சென்டிமீட்டர் வரை வளர்வதால் மிகப் பெரிய தொட்டி வேண்டும்.

உணவு

பாசி மேயும் ம்புனாவின் குடல் நீண்டது. நார் மிகுந்த தாவர உணவுக்கு ஏற்றது. ஸ்பைருலினா கலந்த குருணைத் தீவனமே அன்றாட உணவாக அமைய வேண்டும். வெந்த பட்டாணி, கீரை ஆகியவற்றையும் இடையிடையே தரலாம். டியூபிஃபெக்ஸ் புழு, ரத்தப்புழு, மாட்டிறைச்சி போன்றவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் செரிமானம் கெடும். ஓரிரு நிமிடங்களில் தீரும் அளவை நாளுக்கு இரண்டு முறை போட்டால் போதும். உணவுக்கு இம்மீன்கள் எப்போதும் பறக்கும். அது பசியின் அறிகுறி ஆகாது.

பராமரிப்பும் நோயும்

வாரம் ஒருமுறை 25 முதல் 30 விழுக்காடு நீரை சைஃபன் குழாயால் அடிமணலின் கழிவோடு வெளியேற்றி, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலை கொண்ட நீரை நிரப்ப வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியேற்றிய தொட்டி நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருப்பது நன்று.

ம்புனா மீன்களை அதிகம் தாக்குவது ‘மலாவி ப்ளோட்’ எனும் வயிற்று வீக்கம். உணவை வாயில் வாங்கித் துப்புதல், வெள்ளை நூல்போன்ற கழிவு, ஒதுங்கி நிற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். பொருந்தாத உணவு, கெட்ட நீர், ஓயாத துரத்தல் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. வயிறு வீங்கிய பின் மருந்து பலிப்பது அரிது. முதல் அறிகுறியிலேயே மீனைத் தனியே பிரித்து, தொட்டி நீரை மாற்ற வேண்டும்.

இனப்பெருக்கம்

ம்புனாக்களில் பெண் மீன் வாய்க்குள் முட்டையை அடைகாக்கும். ஆண் உடலை நடுங்கவைத்துப் பெண்ணை அழைக்கும். பெண் ஒருசில முட்டைகளை இட்டு உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் குதத் துடுப்பில் முட்டைபோன்ற மஞ்சள் புள்ளிகள் உள்ளன. அவற்றையும் எடுக்க முனையும்போது விந்து வாய்க்குள் சென்று முட்டைகள் கருவுறுகின்றன. இப்புள்ளிகளின் பங்கை விலங்கு நடத்தை ஆய்வாளர் வோல்ஃப்காங் விக்லர் 1962இல் விளக்கினார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் பெண் தொண்டை புடைத்த நிலையில், பெரும்பாலும் உண்ணாமல் இருக்கும். குஞ்சுகள் வேண்டுமெனில் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

நெருங்கிய இனங்கள் ஒரே தொட்டியில் எளிதில் கலந்துவிடும். அக்குஞ்சுகளைத் தூய இனமென்று விற்பதோ கைமாற்றுவதோ கூடாது.

வளர்ப்போர் பொறுப்பு

விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன், அங்கிருந்த சிக்லிட் இனங்கள் பல அழியக் காரணமானது. தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று பிடிபடும் மொசாம்பிக் திலாப்பியாவும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட் மீனே. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களோடு போட்டியிடுகிறது. எனவே வளர்க்க இயலாத சிக்லிட் மீனைக் கடையிலோ மற்றொரு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். எந்த நிலையிலும் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது.