சித்திர சபை: வண்ணமும் கருவியும்

சித்திர சபை தென்காசி மாவட்டம் குற்றாலத்தில், குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகி, தெப்பக்குளத்தை அடுத்து அமைந்த மண்டபம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய பிற சபைகளில் நடராசர் சிலை வடிவில் இருக்கிறார். இங்கு ஓவியமாகவே வழிபடப்படுகிறார். ஆகவே நிறம் அழிந்தால் வழிபாட்டுருவே அழிகிறது.

இவை மூலிகை வண்ணங்கள் என்பது மக்கள் வழக்கு. தமிழகச் சுவரோவியங்களின் அடிப்படை நிறங்கள் பெரும்பாலும் காவிக்கல், மஞ்சள்மண், சுண்ணாம்பு, விளக்குக்கரி ஆகியவையே. தாவரங்களின் பங்கு முதன்மையாகப் பிசினில் இருந்தது. நாயக்கர் கால மரபில் முதலில் காவிக்கோடு, அடுத்து தட்டையான நிறப்பூச்சு, இறுதியில் கருங்கோடு. ஒரு நிறம் மற்றொன்றில் மெல்லக் கரையும் சாயல் அதில் குறைவு. அச்சாயலை எளிதாக்கிய ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி, 1870-களின் இறுதியில்தான் அமெரிக்காவில் உருவானது.

பழுதுபார்ப்பில் கருவித் தேர்வு இதனால் முக்கியமாகிறது. தெளிப்புக்கருவி பரந்த பரப்பை விரைவில் நிரப்பும். ஆனால் விளிம்பு தாண்டிப் பழைய கோட்டின்மீதும் படியும். உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப நுண்தூரிகையே ஏற்றது. ஆனி முதல் ஆவணி வரை சாரல் விழும் ஊரில், சுவரின் ஈரம் நீங்கும்வரை அதையும் எடுக்க இயலாது.